யோகா டவல்: வழுக்காத துணி ஏன் வழுக்குகிறது?

மே மாதச் சென்னையில் காலை ஆறரை மணிக்கே, சூரிய நமஸ்காரத்தின் ஐந்தாறு சுற்று முடிவதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. வழிந்து விரிப்பில்தான் சேர்கிறது. கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனத்தில் நிற்கும்போது கைகள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரும். இதற்காகத்தான் விரிப்பின் மேல் போட்டுக்கொள்ளும் வழுக்காத டவலை வாங்குகிறோம். வாங்கிய முதல் நாளே பலருக்கு ஏமாற்றம். "வெறும் விரிப்பே பரவாயில்லை, இதில் இன்னும் அதிகமாக வழுக்குகிறதே" என்ற குறையை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் டவலில் குறை இருப்பதில்லை. குளித்துவிட்டுத் துவட்டிக்கொள்ளும் துண்டைப் போல அதை நினைத்துவிடுகிறோம், அங்கேதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

முதல் தவறு, காய்ந்த டவலை விரித்து அப்படியே பயிற்சியில் இறங்குவது. இந்த டவல்களில் பெரும்பாலானவை மைக்ரோஃபைபர் துணி. பாலியஸ்டரும் பாலிஅமைடும் கலந்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளாக நெய்தது. காய்ந்திருக்கும்போது அதன் மேற்பரப்பு பதப்படுத்திய மென்தோலைப் போல வழவழவென்றுதான் இருக்கும். சிறிது ஈரம் பட்டால்தான் இழைகள் தோலோடு ஒட்டி நிற்கும். ஆகவே, வியர்க்க வியர்க்கப் பிடிமானம் கூடும். வியர்க்காத முதல் பத்து நிமிடங்கள்தான் ஆபத்தானவை. விரித்தவுடன், கைகள் ஊன்றும் இடத்திலும் பாதங்கள் நிற்கும் இடத்திலும் ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள். பாட்டில் இல்லையென்றால் கையை நனைத்து உதறி, அந்த இடங்களில் அழுத்தித் தேய்த்தால் போதும். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைத்துவிடக் கூடாது.

வியர்த்தால்தான் வழுக்கும் என்பது பாதி உண்மை. ஆஞ்சலா ஃபார்மர் என்ற ஆங்கிலேய யோகா ஆசிரியைக்கு, இளம் வயதில் செய்த ஓர் அறுவை சிகிச்சையால் கை கால்களில் வியர்வையே சுரக்காது. அந்த வறண்ட கைகளும் வழுக்கின. ஜெர்மனியில் கற்பிக்கச் சென்ற இடத்தில், தரைவிரிப்புக்கு அடியில் போடும் ரப்பர் போன்ற மெத்தைத் துணியை வெட்டி அதன் மேல் நின்று பார்த்தார், பிடித்துக்கொண்டது. இன்று நாம் பயன்படுத்தும் ஒட்டும் விரிப்புகளின் தொடக்கம் அதுதான். உங்கள் உள்ளங்கை இயல்பிலேயே வறண்டிருந்தால், அதிகம் வியர்க்காத மென்மையான பயிற்சி மட்டுமே செய்பவராக இருந்தால், இந்த டவலே உங்களுக்குத் தேவையில்லை. நல்ல விரிப்பு போதும். புது விரிப்பு வழுக்கினாலும் அவசரப்பட்டு டவல் வாங்காதீர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதன் மேல் ஒரு வழவழப்பான படலம் இருப்பதுண்டு. மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, சில நாள் பயன்படுத்திப் பாருங்கள்.

வீட்டிலிருக்கும் துண்டை வைத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. ஈரிழைத் துண்டு காலடியில் சுருண்டுகொள்ளும். பூத்துவாலை மொத்தமாக நகர்ந்துவிடும். பருத்திதான் வேண்டுமென்றால் ஜமுக்காளத்தைப் போல எடையும் அடர்த்தியும் உள்ள விரிப்பு வேண்டும். மைசூரில் பட்டாபி ஜோயிஸ் கற்பித்த அஷ்டாங்க முறையில் பயில்பவர்களில் பலர் அத்தகைய பருத்தி விரிப்பை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் தண்ணீர் தெளிப்பது உண்டு.

டவலின் ஒரு பக்கத்தில் சிறு சிறு சிலிக்கோன் புள்ளிகள் இருந்தால், பெரும்பாலான வகைகளில் அந்தப் பக்கம் விரிப்பைப் பார்த்துக் கீழே இருக்க வேண்டும். விரிப்பே இல்லாமல் டைல்ஸ் தரையிலோ கிரானைட்டிலோ நேராகப் போடுவதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். கொஞ்சம் தூசி இருந்தாலே புள்ளிகளின் பிடி போய்விடும். நீள அகலத்தையும் பார்த்து வாங்குங்கள். வழக்கமான விரிப்பு 61 சென்டிமீட்டர் அகலமும் 173 முதல் 183 சென்டிமீட்டர் வரை நீளமும் இருக்கும். டவல் அதைவிடப் பெரிதாக இருந்தால் ஓரம் மடிந்து கால் தடுக்கும்.

நல்ல டவலைக் கெடுப்பது பெரும்பாலும் சலவைதான். துணியை மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தை ஒருபோதும் சேர்க்காதீர்கள். அது இழைகளின் மேல் மெழுகுபோல் படிந்து ஈரத்தை உறிஞ்சவிடாமல் செய்யும். ஈரம் ஏறாத இழைக்குப் பிடிமானம் ஏது? பருத்தித் துணிகளோடு சேர்த்துத் துவைத்தால் அவற்றின் பஞ்சுத் துகள்கள் மைக்ரோஃபைபரில் சிக்கிக்கொள்ளும். கொதிக்கும் நீர், பிளீச்சிங் பவுடர், இஸ்திரிப் பெட்டி மூன்றும் வேண்டாம். குளிர்ந்த நீரில் கொஞ்சம் சலவைத்தூள் போட்டு அலசிக் கொடியில் போட்டால் விரைவில் உலர்ந்துவிடும். புது டவலை ஒருமுறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். அடர் நிறமாக இருந்தால் முதல் சலவையில் சாயம் போகலாம்.

அதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்ததும் ஈர டவலை விரிப்போடு சேர்த்துச் சுருட்டிப் பையில் திணித்து, மறுநாள் காலை அப்படியே எடுத்து விரிப்பது. நாற்றம் மட்டுமல்ல, படர்தாமரைக்கும் கால்விரல் இடுக்குப் புண்ணுக்கும் காரணமான பூஞ்சைகளுக்கு இந்த ஈரமும் வெப்பமும்தான் வேண்டும். வகுப்பில் மற்றவரின் டவலை இரவல் வாங்குவதையும் இதனால்தான் நான் ஊக்குவிப்பதில்லை.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த கையோடு வகுப்புக்கு வருபவர்கள், பாதவெடிப்புக்குக் களிம்பு பூசிக்கொண்டு வருபவர்கள், இவர்களுக்கு எந்த டவலும் உதவாது. எண்ணெய் துணியில் ஏறினால் ஒரு சலவையில் போகாது. உள்ளங்கையில் பவுடர் போடுவதும் அதே தவறுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் கை நகர்கிறதென்றால், கையைப் பாருங்கள். விரல்களை நன்றாக விரித்து, ஆட்காட்டி விரலின் அடிமூட்டைத் தரையில் அழுத்தி, எடையைப் பின்னங்கால் பக்கம் கொண்டுபோக வேண்டும். எடை முழுவதையும் மணிக்கட்டில் போட்டுத் தள்ளுபவரின் கை எந்தத் துணியிலும் நகரும். விருட்சாசனம்போல ஒற்றைக்காலில் நிற்கும் ஆசனங்களுக்கு மட்டும் டவலின் முன்பகுதியை மடித்து ஒதுக்கிவிட்டு, பாதத்தைத் துடைத்துக்கொண்டு விரிப்பின் மேல் நேராக நில்லுங்கள்.