துறைமுகத்தை மொத்த டன்னால் எடைபோடாதீர்கள்

சென்னையில் கப்பல் ஏஜென்சியிலோ கண்டெய்னர் கிடங்கிலோ புதிதாகச் சேர்பவர்களிடம், சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, கிருஷ்ணப்பட்டினம் ஆகிய நான்கு துறைமுகங்களையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை கேட்பார்கள். கூட்டல் பிழையை மேலதிகாரியே பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை கீழே.

மொத்த டன்னை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்பி வரும் தவறு இது. பணத்தைக் கரைப்பதும் இதுதான். 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையின் சரக்கு சரிந்து எண்ணூரில் ஏறுவதைப் பார்த்ததும், "போட்டியில் எண்ணூர் முந்தியது" என்று எழுதிவிடுகிறார்கள். எங்கே போட்டி? நிலக்கரி போன்ற தூசு பறக்கும் சரக்கைச் சென்னைத் துறைமுகம் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. நிலக்கரி வடக்கே போனது, அவ்வளவுதான்.

எண்ணூர்த் துறைமுகம் கட்டப்பட்டதே அனல்மின் நிலைய நிலக்கரிக்காக. கன்வேயரில் நேரே மின்நிலையத்துக்குப் போகும் நிலக்கரியைப் பக்கத்துத் துறைமுகம் விலை குறைத்துப் பறிக்க முடியாது. மணலி ஆலைக்குச் சென்னையிலிருந்து குழாயில் போகும் கச்சா எண்ணெயும் அப்படியே. இந்த டன்னை நம்பிக் கிடங்குக்கு இடம் பிடித்தால் வாடகை ஓடும், லாரி ஓடாது.

சரக்குவாரி அட்டவணையை எடுங்கள். ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் நேரே போகும் நிலக்கரி, கச்சா எண்ணெய், எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) மூன்றையும் கழியுங்கள். மிச்சத்தில் கார்களை எண்ணிக்கையிலும் கண்டெய்னரை டி.இ.யு.விலும் வையுங்கள்: 20 அடிப் பெட்டி 1, 40 அடிப் பெட்டி 2. அதையும் சரக்கேறியது, காலி என்று பிரியுங்கள். 20 அடிக் காலிப் பெட்டியே 2 டன்னுக்கு மேல் எடை; அது டன் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பங்கு விகிதம் போட வேண்டும்.

கொழும்போடு நேருக்கு நேர் நிறுத்துவது

சென்னையில் ஏற்றிய ஒரு 20 அடிப் பெட்டி கொழும்பில் கப்பல் மாறினால், இறக்கும்போது ஒன்று, ஏற்றும்போது ஒன்று என அங்கே 2 டி.இ.யு.; சென்னைக்கு 1 மட்டும். பெட்டியோ ஒன்றே ஒன்று! இடைமாற்றுச் சரக்கைத் தனியே பிரிக்காமல் இரண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள். கொழும்பின் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை, நம்முடையது ஏப்ரல் முதல் மார்ச் வரை.

காட்டுப்பள்ளியை மறப்பது

மத்திய அரசின் பெருந்துறைமுகப் பட்டியலில் சென்னையும், காமராசர் துறைமுகம் என்ற பெயரில் எண்ணூரும் உண்டு. தனியார் துறைமுகமான காட்டுப்பள்ளி அதில் வராது. எண்ணூரும் காட்டுப்பள்ளியும் அக்கம்பக்கம் என்பதால் பேச்சில் எல்லாமே "எண்ணூர்" ஆகிவிடும். யாருடைய எண் என்று கேட்டு வாங்குங்கள்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவது

வேண்டாம். டிசம்பர் 2023-இல் வந்த மிக்ஜாம் போன்ற ஒரு புயலே அந்த மாதத்து எண்ணைக் குலைத்துவிடும்.

வளர்ச்சிச் சதவீதம்

பக்கத்திலேயே அடிப்படை எண்ணையும் எழுதுங்கள்; அது சின்னதாக இருந்தால் சிறு ஏற்றமும் பெரிய சதவீதமாகத் தெரியும்.