டைமிங் பெல்ட்டை மீட்டர் பார்த்து மாற்றுங்கள், கிளட்ச்சை ஓட்டிப் பார்த்து மாற்றுங்கள்

புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் மாற்றுவது தெரியும், டயர் தேய்வது தெரியும். டைமிங் பெல்ட், கிளட்ச் என்ற பேச்சு மட்டும் மெக்கானிக் வாயிலிருந்துதான் முதலில் வரும். இரண்டுமே செலவு வைக்கிற வேலை. ஆனால் மாற்றும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் வழி இரண்டுக்கும் நேர் எதிர். பெல்ட் அறுவதற்கு முன் அநேகமாக ஒன்றும் காட்டாது. கிளட்ச் மாதக்கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கும்.

படி 1: பெல்ட்டா, செயினா?

எல்லா வண்டியிலும் டைமிங் பெல்ட் கிடையாது. மாருதி 800, பழைய சான்ட்ரோ, டஸ்டர் டீசல் ஆகியவற்றில் ரப்பர் பெல்ட். ஸ்விஃப்ட் 1.3 டீசலிலும் மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும் செயின். கார் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய 1.1 லிட்டர் வேகன் ஆரில் பெல்ட், பின்னால் வந்த கே10 இன்ஜின் வேகன் ஆரில் செயின். ஓனர்ஸ் மேனுவலின் பராமரிப்பு அட்டவணையில் 'டைமிங் பெல்ட்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். செயின் என்றால் குறித்த கிலோமீட்டரில் மாற்றும் வேலை பொதுவாக இல்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகட சத்தம் வருகிறதா என்று கவனித்தால் போதும். நேராகப் படி 3-க்குப் போய்விடலாம்.

படி 2: பெல்ட்டுக்குக் கணக்கு

கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது இந்தப் பல் வைத்த பெல்ட்தான். ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வை பிஸ்டன் மோதி வளைத்துவிடும். அப்புறம் ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதியைக் கழற்ற வேண்டும். பெல்ட் விலை எங்கே, ஹெட் வேலை எங்கே!

பல கம்பெனிகள் சொல்லும் கெடு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் இருக்கும், கூடவே வருடக் கணக்கும் இருக்கும். எது முந்துகிறதோ அதுதான் கெடு. தர்மபுரியிலிருந்து தினமும் ஓசூர் வேலைக்குக் காரில் போய் வருபவருக்குக் கிலோமீட்டர் முந்தும். பாலக்கோட்டில் வாரம் ஒருமுறை சந்தைக்கு மட்டும் எடுப்பவருக்கு வருடம் முந்தும். 'வண்டி ஓடவே இல்லையே' என்று இவர் சொல்வார். ரப்பர் சும்மா நின்றாலும் பழசாகும்.

மேல் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், ஆயில் ஈரம் இவற்றில் ஒன்று இருந்தால் கெடுவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆயில் ஈரம் என்றால் கசிகிற சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் கெட்டுவிடும். பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெங்களூரில் ஓடி, கிருஷ்ணகிரி பக்கம் விற்பனைக்கு வந்த செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியிருந்தால், பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். 'பெல்ட் போட்டாச்சு சார்' என்பார்கள்; பல நேரம் அது ஏசி, ஆல்டர்னேட்டர் ஓட்டுகிற வெளி பெல்ட்டாக இருக்கும். பில் இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். வாட்டர் பம்பை இதே பெல்ட் ஓட்டும் வண்டி என்றால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு அதற்காக மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டி வரும். பெல்ட்டை மாட்டியதும் நல்ல மெக்கானிக் நேராகச் சாவியைத் திருப்ப மாட்டார். ஸ்பேனர் போட்டு கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, கிராங்க், கேம் புல்லிகளில் இருக்கும் டைமிங் மார்க் மறுபடி நேராக வந்து நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 3: கிளட்ச்சை ஓட்டிப் பாருங்கள்

கிளட்ச்சுக்குக் கிலோமீட்டர் கணக்கு சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெங்களூர் சிக்னல்களில் தேய்ந்த கிளட்ச்சும் நாலு வழிச் சாலையிலேயே ஓடிய கிளட்ச்சும் ஒன்றல்ல. வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் பிரேக்குக்குப் பதில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியை நிறுத்தி வைப்பவருக்கு ஆயுசு இன்னும் குறைவு.

கவனிக்க வேண்டியவை இவை. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை. பெடலை மேலே கடைசிவரை விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது. தீய்ந்த வாடை. முதல் கியரில் எடுக்கும்போது உதறல். பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்) சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. முழுவதும் விட்ட பிறகும் நிற்காமல் ஓடினால் நழுவுகிறது. ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்ச்சும் எரியும். ஏற்றத்தில் சோதிக்கிறேன் என்று தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கிவிடாதீர்கள்.

கியர் கடினமாக விழுந்தால் மட்டும் உடனே கிளட்ச் செட் விலை கேட்க வேண்டாம். கிளட்ச்சைக் கேபிள் இழுக்கும் வண்டியில் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வண்டியில் ஆயில் கசிவு, இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் அதோடு முடிந்துவிடும்.

படி 4: பட்டறையில் பேசும்போது

'பெல்ட்டும் கிளட்ச்சும் ஒண்ணா போட்டுடலாம், லேபர் மிச்சம்' என்று சொன்னால் யோசியுங்கள். முன் சக்கரம் இழுக்கும் சாதாரண கார்களில் பெல்ட் இன்ஜினுக்கு ஒரு பக்கம், கிளட்ச் கியர்பாக்ஸ் சேரும் மறுபக்கம். ஒன்றைப் பிரிப்பதால் மற்றது திறக்காது. உண்மையில் லேபர் மிச்சமாவது வேறு இடத்தில்: கிளட்ச்சுக்குக் கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலைப் பார்ப்பது, கிளட்ச் தட்டு அழுந்திப் பிடிக்கும் ஃப்ளைவீல் சக்கரத்தில் கீறலோ நீலம் பாய்ந்த சூட்டுத் தடமோ இருக்கிறதா பார்ப்பது. கிளட்ச் தட்டு, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே போடுங்கள்.

கழற்றிய பழைய தட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லைனிங் ரிவெட் தலை வரை தேய்ந்திருந்தால் சரியான நேரத்தில்தான் மாற்றியிருக்கிறீர்கள். ஆயில் படியாமல், லைனிங் நிறைய மிச்சம் இருந்தால், நழுவல் எங்கிருந்து வந்தது என்று வண்டியை எடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.