வலையில் ஏறிய ஆமை செத்ததா, மயங்கியதா? காசிமேடு முதல் காட்டுப்பள்ளி வரையுள்ள படகுகளுக்கு

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) முட்டையிட நம் கரையை நெருங்கி வரும். மீன்பாடும் வலையும் இருக்கும் அதே தண்ணீரில்தான் அவையும் திரியும். 2025 ஜனவரியில் சென்னைக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தால் அது வலையில் மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளம்.

ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். சும்மா கிடந்தால் தண்ணீருக்குள் நெடுநேரம் தாங்கும். வலையில் மாட்டித் திமிறினால் உள்ளிருக்கும் காற்று சீக்கிரம் தீர்ந்து மயங்கிவிடும். மேலே தூக்கும்போது கழுத்து தொங்கும், துடுப்பு அசையாது. 'போச்சு' என்று கடலில் தள்ளிவிடுகிறோம். மயக்கத்தில் தள்ளிய ஆமை மூச்செடுக்க மேலே வர முடியாமல் அப்போதுதான் உண்மையில் சாகிறது. உடல் விறைத்திருந்தாலோ அழுகியிருந்தாலோ ஒழிய, செத்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

துடுப்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, மூட்டு கழன்றுவிடும். வளர்ந்த ஆமை 35 முதல் 45 கிலோ இருக்கும். அதனால் இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் கழுத்துக்குப் பின்னால் ஓட்டின் விளிம்பையும் மற்றவர் வால் பக்க விளிம்பையும் பிடித்துத் தூக்குங்கள். வாய்ப் பக்கம் கை போகவேண்டாம். கடித்தால் விரல் தப்பாது. துடுப்பில் சுற்றிய வலை நரம்பை (நைலான் இழையை) ஒரு இழைகூட விடாமல் அறுத்தெடுங்கள். தொங்கும் துண்டு பிறகு சதையை அறுக்கும். தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் இழுக்காமல், நரம்பை வாயை ஒட்டி வெட்டிவிடுங்கள்.

மயங்கிய ஆமையை வயிறு கீழே இருக்கும்படி கிடத்துங்கள். மல்லாத்தவே கூடாது. நுரையீரல் மேல் ஓட்டை ஒட்டி இருப்பதால், புரட்டினால் குடல் மொத்தமும் அதன்மேல் அழுந்தும். படகோரம் தொங்கும் பழைய டயரைப் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து, வால் பக்கம் குறைந்தது அரையடி உயரமாக வையுங்கள். நுரையீரலில் புகுந்த தண்ணீர் வாய்வழியே வடியும். அவ்வப்போது ஓட்டின் இடப்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கி இறக்குங்கள், பிறகு வலப்பக்கத்தை. நெஞ்சை அமுக்கி மூச்சு வரவைக்க முயன்றால் கெடுதல்தான்.

நிழல் வேண்டும். ஈரச் சாக்கை ஓட்டிலும் துடுப்பிலும் போடுங்கள். மூக்கும் கண்ணும் திறந்திருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்கிச் சாகும், ஐஸ் பக்கமும் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்கொரு முறை கண்ணிமையையோ வாலையோ லேசாகத் தொட்டுப் பாருங்கள். சுருக்கினால் உயிர் இருக்கிறது. தெளிய 4 மணி நேரமும் ஆகலாம், 24 மணி நேரமும் ஆகலாம்.

நன்றாகத் துடுப்படிக்கத் தொடங்கியபின், வலையெல்லாம் மேலே இருக்க, இன்ஜினை நியூட்ரலில் போட்டு, படகின் பின்புறத்திலிருந்து தலை முன்னே போகும்படி மெல்ல இறக்குங்கள். தூக்கி எறியாதீர்கள். அது முங்கிப் போன பிறகே படகை நகர்த்துங்கள்.

தங்கல் போகும் (கடலிலேயே பல நாள் தங்கி மீன்பிடிக்கும்) விசைப்படகில் 24 மணி நேரம் காத்திருக்க முடியும். காலையில் போய் மதியம் திரும்பும் ஃபைபர் படகுக்கு அது முடியாது, கரைக்குத்தான் கொண்டுவர வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள, பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமான உயிர் என்பதால் ஆமையோடு கரையேறப் பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே மார்கழிக்குள் ஊர்ப் பஞ்சாயத்தார் வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளை உட்காரவைத்து, மயங்கிய ஆமையை எந்தக் கரையில் யாரிடம் கொடுப்பது என்பதை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். அந்த போன் எண் ஒவ்வொரு படகிலும் பெயின்டில் இருக்கட்டும். கரையேறும் முன்பே கடலிலிருந்து கூப்பிடுங்கள்.

மாட்டாமல் இருப்பதே மேல். விசைப்படகுகள் 5 கடல் மைலுக்குள் வரக்கூடாது என்ற விதியைக் காப்பதுதான் முதல் வேலை, ஆமை அதிகம் திரள்வது அங்கேதான். மடியை (இழுவை வலையை) இழுக்கும் நேரத்தைக் குறையுங்கள். நேரம் கூடக் கூட உள்ளே மாட்டிய ஆமை பிழைக்கும் வாய்ப்பு குறையும். ஆமை விலக்குக் கருவி (மடிக்குள் ஆமையைத் தடுத்து வெளியேற்றும் கம்பிச் சட்டம்) பொருத்தியவர்கள் வெளியேறும் வாயைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டால் பொருத்தியதே வீண். கம்பிச் சட்டத்தில் பிளாஸ்டிக் அடைத்தால் மீனும் போகும், ஆமையும் சாகும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் பார்த்து எடுங்கள். திருக்கை வலையை இந்த மாதங்களில் இரவு முழுக்கப் போட்டுவிட்டு வராதீர்கள். கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

பகலில் கரையில் சோர்ந்து கிடக்கும் ஆமையைக் கடலில் தள்ளுவது பாவப்பட்டுச் செய்யும் தவறு. நீந்தத் தெம்பில்லாமல்தான் அது ஒதுங்கியிருக்கிறது. நிழல் கட்டி, நாய்களை விரட்டி, வனத்துறை வரும்வரை ஒருவர் கூட இருங்கள். செத்து ஒதுங்கியது என்றால் உடனே புதைக்காமல் படமெடுத்து, இடமும் தேதியும் குறித்து, அவர்கள் பார்த்தபின் ஓட்டில் பெயின்ட் கோடு போடுங்கள். இல்லையென்றால் ஒரே ஆமை திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இரண்டு முறை கணக்கில் ஏறும்.