ஈயம் தண்ணீரில் எவ்வளவு, வண்டலில் எவ்வளவு? கணக்கிடும் முறை

ஆற்றுத் தண்ணீரைச் சோதித்துவிட்டு "ஈயம் இல்லை" என்று யாராவது சொன்னால், அடியில் கிடக்கும் வண்டலைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் பெரும்பாலும் அங்கேதான் போய் ஒட்டிக்கொள்கின்றன. வண்டலில் உள்ள செறிவைத் தண்ணீரில் கரைந்திருக்கும் செறிவால் வகுத்தால் கிடைப்பதே பங்கீட்டுக் குணகம்.

முதலில் மாதிரி. தண்ணீரையும் வண்டலையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுங்கள். வண்டலில் மேலாக 2 செ.மீ. போதும். பாட்டில் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலாக இருக்கட்டும்.

அடுத்தது, புதியவர்கள் அதிகம் தவறும் இடம். தண்ணீரை 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்த அப்புறம்தான் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வரிசையை மாற்றி அமிலத்தை முதலில் ஊற்றினால், மிதக்கும் துகள்களில் ஒட்டியிருந்த ஈயமும் கழன்று கரைந்துவிடும். பிறகு எவ்வளவு நல்ல கருவியில் அளந்தாலும் அந்த மாதிரியைக் காப்பாற்ற முடியாது.

வண்டலை உலர்த்தி, 63 மைக்ரோமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே இறங்கும் நுண்துகளை அமிலத்தில் கரைத்து அளக்க வேண்டும். மணலில் உலோகம் அவ்வளவாக ஒட்டாது. அதையும் சேர்த்தால் செறிவு குறைந்து தெரியும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ உலர்ந்த வண்டலில் 60 மில்லிகிராம் ஈயம், ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அலகை ஒன்றாக்குங்கள்: 2 மைக்ரோகிராம் என்பது 0.002 மில்லிகிராம். 60 ÷ 0.002 = 30,000 லிட்டர்/கிலோ.

இதே வண்டல் கலங்கி, லிட்டருக்கு 100 மில்லிகிராம், அதாவது 0.0001 கிலோ மிதக்கிறது என்றால்? 30,000 × 0.0001 = 3. கரைந்தது ஒரு பங்கு, துகளோடு ஒட்டியது மூன்று பங்கு. நீரோடு போகும் ஈயத்தில் 75 சதவீதம் துகளின் மேல் ஏறித்தான் போகிறது!

இந்தப் பங்கீட்டுக் குணகம் நிலையானதல்ல. தண்ணீர் அமிலமானால் உலோகம் வண்டலை விட்டுக் கரையத் தொடங்கும். கழிமுகத்தில் உப்பு ஏறும்போது குளோரைடு காட்மியத்தைப் பிடித்துத் தண்ணீருக்கு இழுத்துவிடும். அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால், உலோகங்களைப் பிடித்து வைத்திருந்த இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளே கரையும். அதனால் மாதிரி எடுக்கும்போதே பி.எச்., உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் மூன்றையும் அங்கேயே அளந்து, குணகத்தின் பக்கத்தில் எழுதி வையுங்கள்.