இம்ப்ராவ் பள்ளியில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் முறை

எழுதிய வசனமும் ஒத்திகை பார்த்த காட்சியும் இல்லாமல், பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே நகைச்சுவைக் காட்சியை உருவாக்கும் கலைக்கு இம்ப்ராவ் என்று பெயர். அதைக் கற்பதற்காகச் சிகாகோ நகருக்குச் செல்பவர்களில் பலர், முன்பு அந்நகர மேடைகளில் நடித்துப் பிறகு புகழ்பெற்ற பில் முர்ரே, டினா ஃபே போன்ற நடிகர்களைப் பார்த்து ஒரு பள்ளியில் பணம் கட்டிவிட்டு, வகுப்பை நடத்தப்போகிறவர் யார் என்று கேட்காமலே முதல் நாள் போய் உட்காருகிறார்கள். பள்ளி எதுவானாலும் வாரந்தோறும் உங்களுடன் ஒரே அறையில் இருக்கப்போகிறவர் அந்த ஒருவர்தான் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் அவரைப் பற்றி விசாரிப்பதே முதல் வேலை.

அவர் யாரிடம் கற்றவர் என்பதிலிருந்து தொடங்குங்கள். இந்தக் கலையில் சில தெளிவான வழிமரபுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு திறமையை வளர்க்கும். மூத்த மரபு வயோலா ஸ்போலினுடையது. 1920களில் சிகாகோவின் ஹல் ஹவுஸ் சமூக இல்லத்தில் நீவா பாய்டிடம் விளையாட்டுவழிக் கல்வியைப் பயின்ற அவர், 1930களின் இறுதியில் அரசு நலத்திட்டம் ஒன்றின்கீழ், மொழியாலும் பழக்கவழக்கங்களாலும் வேறுபட்ட குடியேறியோர் குழந்தைகளுக்கு நாடகம் கற்பிக்க வேண்டியிருந்ததால், விளக்கவுரை தேவைப்படாத விளையாட்டுகளை உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை 1955இல் காம்பஸ் என்னும் நடிப்புக் குழுவுக்கும், 1959 டிசம்பரில் சிகாகோவில் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கத்துக்கும் கொண்டு சென்றார். இந்த வழியில் வந்த ஆசிரியர் உங்களைச் சிரிக்க வைக்கச் சொல்ல மாட்டார். இல்லாத ஒரு கயிற்றை இருவர் சேர்ந்து இழுக்கச் சொல்லி, அந்தக் கயிற்றின் கனம் இருவர் தோளிலும் தெரிகிறதா என்று பார்ப்பார்.

இம்ப்ராவ் நடிகரும் ஆசிரியருமான டெல் குளோஸ் வழியில் வந்தவர்கள் ஹரால்டு என்னும் நீண்ட வடிவத்தைக் கற்பிப்பார்கள். 1967இல் சான்பிரான்சிஸ்கோவில் அந்தப் பெயர் சூட்டப்பட்ட இந்த வடிவத்தைக் குளோஸ் 1980களில் சார்னா ஹால்பெர்னுடன் சேர்ந்து சிகாகோவின் இம்ப்ராவ் ஒலிம்பிக் அரங்கில் செப்பனிட்டார். ஒரே சொல்லிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காட்சிகள் பிறக்கும். இடையிடையே குழு முழுவதும் சேர்ந்து ஒரு விளையாட்டை ஆடும். அந்தக் காட்சிகள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திரும்பி வரும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதற்குக் கூர்ந்து கேட்கும் காதும், முன்பு சொன்னதை மறக்காத நினைவும் வேண்டும். கனடாவின் கால்கரி நகரில் 1977இல் லூஸ் மூஸ் அரங்கைத் தொடங்கியவர்களுள் ஒருவரான கீத் ஜான்ஸ்டனின் மரபோ, எஜமானும் வேலைக்காரனும் நிற்கும் விதத்தில் உள்ள உயர்வு தாழ்வையே காட்சியின் உயிராகக் கொள்வது. கூச்சம் மிகுந்தவர்கள் ஸ்போலின் அல்லது ஜான்ஸ்டன் வழியில் தொடங்குவதும், பேச்சுத் துடுக்கு உள்ளவர்கள் ஹரால்டு பக்கம் போய்ச் சற்று வாயடங்கக் கற்பதும் நல்லது என்பது என் கருத்து.

அடுத்து, அந்த ஆசிரியர் நடிக்கும் நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். செகண்ட் சிட்டியின் முதன்மை நிகழ்ச்சியில் பெரும்பகுதி, முன்பு இம்ப்ராவாகப் பிறந்து பிறகு செதுக்கி நிலைநிறுத்தப்பட்ட காட்சிகளே. அதைப் பார்த்து ஒருவருடைய இம்ப்ராவ் திறமையை எடை போட முடியாது. இரண்டு பகுதிகள் முடிந்தபின் மூன்றாவதாக அங்கே நடத்தப்படும் இம்ப்ராவ் பகுதிக்குக் காத்திருங்கள். அப்போது பேசுகிறவரை விட்டுவிட்டு, பேசாமல் ஓரத்தில் நிற்பவரைக் கவனியுங்கள். தோழர் தடுமாறும்போது ஒரு நாற்காலியாகவோ கதவாகவோ உள்ளே வந்து உதவுகிறாரா, காட்சி உச்சத்தைத் தொட்டதும் மேடையின் குறுக்கே ஓடி அதை முடித்து வைக்கிறாரா, அல்லது தன் நகைச்சுவைத் துணுக்கைச் சொல்ல நேரம் பார்த்து நிற்கிறாரா என்பதில் அவருடைய குணம் தெரிந்துவிடும். இரண்டே நடிகர்கள் இந்தக் கலையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு, பார்வையாளரிடம் ஒரு சொல்கூடக் கேட்காமல் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரே கதையை நடத்திச் செல்லும் டி.ஜே. ஜகடோவ்ஸ்கி, டேவிட் பாஸ்கேசி இணையைப் பார்க்கலாம். ஆனால் மேடையில் மின்னுகிறவர் எல்லாரும் நல்ல ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. மின்னுவது தானாகவே வாய்த்தவர்களுக்கு, அது எப்படி வந்தது என்று பிறருக்கு எடுத்துச் சொல்வது பெரும்பாலும் கைகூடுவதில்லை.

எனவே முழு வகுப்புக்குப் பணம் கட்டும் முன், ஒருநாள் அறிமுக வகுப்பு இருந்தால் அதில் சேர்ந்து, ஆசிரியர் எப்போது வாய் திறக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர், “டாக்டர், என் கை நீலமாகிவிட்டது” என்று தொடங்க, மற்றவர், “உங்கள் கை நன்றாகத்தானே இருக்கிறது” என்று மறுத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். “நேற்று என் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்தது நீங்கள்தானே, கூலி இன்னும் பாக்கி இருக்கிறது” என்று பதில் வந்தால், சொன்னதை ஏற்றுக்கொண்டு அதன்மேல் இன்னொன்றை வைத்ததாகும். முதல் பதில் வரும்போது மோசமான ஆசிரியர் கை தட்டி நிறுத்தி, விதியை விளக்கி, தானே எழுந்து நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்குவார். நல்ல ஆசிரியர் காட்சியை ஓடவிட்டபடியே ஓரத்திலிருந்து, “கையைப் பாருங்கள்” என்று மட்டும் சொல்வார். சைடு கோச்சிங் என்று ஸ்போலின் மரபில் வழங்கும் இந்தப் பழக்கம்தான் ஆசிரியரை உரைத்துப் பார்க்கும் கல் என்று நான் கருதுகிறேன். நடிப்பவர் யோசனைக்குள் போய்விடாமலே திருந்துவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. பாராட்டுக்கு ஏங்காத, கண்டனத்துக்கு அஞ்சாத மாணவரையே ஸ்போலின் விரும்பினார் என்பதால், ஒவ்வொரு காட்சிக்கும் “அருமை” என்று சொல்லிக்கொண்டே இருப்பவரையும் சற்றுச் சந்தேகத்துடன் பாருங்கள்.

அந்த வகுப்பில் எல்லாரும் ஏறக்குறைய சம நேரம் மேடையேறினார்களா என்பதையும் எண்ணிப் பாருங்கள். திறமைசாலிகள் இருவரையே திரும்பத் திரும்ப அழைப்பவர் தனக்குப் பொழுதுபோக்குத் தேடுகிறார்.

கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்றும் உண்டு. காட்சியில் மற்றவர் தன்னைத் தொடுவதற்குச் சம்மதமில்லை என்றால் அதை எப்படித் தெரிவிப்பது, ஆசிரியர்மேலேயே குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று அலுவலகத்தில் கேளுங்கள். 2020 ஜூனில் இனப்பாகுபாடு பற்றிய குற்றச்சாட்டுகள் எழுந்தபோது பள்ளியும் நடத்தும் செகண்ட் சிட்டியின் தலைவரே பொறுப்பிலிருந்து விலகினார். எனவே இந்தக் கேள்வி பள்ளிகளுக்குப் புதிதல்ல, தெளிவான பதில் அவர்களிடம் இருக்க வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால் வேறு பள்ளியைப் பாருங்கள். தெளிவாக வந்தால், பிடித்த ஆசிரியரின் அடுத்த தொகுதி எந்தக் கிழமை தொடங்குகிறது என்று அங்கேயே கேட்டு, அந்தக் கிழமை மாலையை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்துக்கொண்டு பணம் கட்டலாம்.