முன்பதிவு செய்த படுக்கை உங்களுக்கே கிடைக்க: பண்டிகைக் காலத்தில் தமிழ்நாட்டுக்கு வருவோருக்கு

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வந்து, சென்னையிலிருந்து மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கே இரவு ரயிலில் செல்ல எண்ணுவோர், விமான டிக்கெட் எடுத்த கையோடு ரயில் முன்பதிவு தொடங்கும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். 120 நாட்களாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்களாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஜனவரி 13 இரவு புறப்பட வேண்டுமெனில் நவம்பர் 14 காலை 8 மணிக்கு, அதாவது சிங்கப்பூரில் 10.30க்கும் துபாயில் 6.30க்கும், கணினி முன் அமர்ந்திருக்க வேண்டும். பாண்டியன், நெல்லை, கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்களில் பண்டிகை நாட்களுக்கான படுக்கைகள் சில நிமிடங்களிலேயே தீர்ந்துபோவது வழக்கம்.

கடைசி நேரத்தில் தட்கல் என்னும் அவசர முன்பதிவு இருக்கிறதே என்ற நம்பிக்கை இப்போது வெளிநாட்டில் வாழ்பவருக்கு அவ்வளவாக உதவாது. 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த கணக்கு தேவை. அதே ஆண்டு அக்டோபரில், பொது முன்பதிவு தொடங்கும் நேரத்துக்கும் இந்த நிபந்தனை வந்துவிட்டது. ஆகவே ஊரிலுள்ள தம்பியோ சித்தப்பாவோ தம் கணக்கிலிருந்து எடுத்துத் தருவதே நடைமுறைக்கு ஒத்த வழி. பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். ரயிலில் நீங்கள் காட்டப்போகும் அடையாளம் அதுதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கும் 365 நாட்களுக்கு முன்பே எடுக்கக்கூடிய தனி ஒதுக்கீடு உண்டென்றாலும், அது எல்லா ரயில்களிலும் இல்லை.

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை நம்பிப் பெட்டி படுக்கையுடன் நிலையத்துக்குப் போகாதீர்கள். சார்ட் (இறுதிப் பயணிகள் பட்டியல்) தயாரான பின்னும் இணைய டிக்கெட்டில் உள்ள அனைவரும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், அது தானாக ரத்தாகிப் பணம் திரும்பும்; அதை வைத்துக்கொண்டு ஏறுபவர் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவார். முழுப் படுக்கை இல்லாமல் அமர இடம் மட்டும் உறுதியாகும் ஆர்.ஏ.சி. டிக்கெட் அப்படியல்ல, பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இருவர் அமர்ந்து பயணம் செய்யலாம்.

டிக்கெட் உறுதியாகிவிட்டாலும் படுக்கை காலியாகக் காத்திருக்கும் என்று எண்ணிவிட முடியாது. பண்டிகைக்கு முந்தைய இரவுகளில், முன்பதிவில்லாப் பெட்டிகளில் காலூன்றவும் இடம் கிடைக்காதவர்கள் ஸ்லீப்பர் பெட்டியில் ஏறி, கழிப்பறை வாசல் முதல் நடைபாதை வரை நிறைந்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் திமிரினால் ஏறுபவர்கள் அல்லர். வீட்டுக்குப் போக வேறு வழியில்லாதவர்கள். ஆனால் இரவு பத்து மணிக்கு உங்கள் அம்மாவின் படுக்கையில் நான்கு பேர் அமர்ந்திருக்கும்போது அந்த நியாயம் உங்களுக்குப் போதுமானதாக இராது. ஸ்லீப்பர் பெட்டியில் 1, 4 ஆகிய எண்கள் கீழ்ப்படுக்கை, 3, 6 மேல்படுக்கை, 7 பக்கவாட்டுக் கீழ், 8 பக்கவாட்டு மேல். எட்டெட்டாக இதே வரிசைதான் தொடரும். கூட்டம் முதலில் அமர்வது கீழ்ப்படுக்கைகளில்தான் என்பதால், ஏறி இறங்க முடிந்தவர்கள் மேல்படுக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. கட்டணம் கட்டுப்படியாகுமானால் ஏசி மூன்றடுக்கில் இந்தத் தொல்லை குறைவு. வட மாநிலங்களிலிருந்து சென்னை வழியாகத் தெற்கே செல்லும் ரயில்களைவிடச் சென்னையிலேயே புறப்படுபவை மேல்; ரயிலை நடைமேடைக்குக் கொண்டுவந்தவுடன் ஏறி அமர்ந்துவிடலாம்.

உங்கள் இடத்தில் ஒருவர் அமர்ந்திருந்தால், முதலில் அவருடைய டிக்கெட்டைக் காட்டும்படி பணிவாகக் கேளுங்கள். பெட்டி எண்ணையோ தேதியையோ தவறாகப் பார்த்தவர்கள் பலர் உண்டு. நள்ளிரவு 12.10க்குப் புறப்படும் ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக வந்து நிற்பவர்களை எந்தப் பண்டிகையிலும் காணலாம். அவர் எழ மறுத்தால் நீங்களே கையைப் பிடித்து எழுப்ப முயல வேண்டாம். ரயில்வே சட்டத்தின் 155ஆம் பிரிவு, பிறருக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு எழ மறுப்பவரை வெளியேற்றவும் 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் இடமளிக்கிறது. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் டிக்கெட் பரிசோதகரும் ரயில்வே பாதுகாப்புப் படையினரும்தான். பரிசோதகர் கூட்டத்தைத் தாண்டி வர முடியாத நிலையில், ரயில்வே உதவி எண்ணான 139ஐ அழைத்தோ ‘ரயில் மதத்’ (RailMadad) என்ற ரயில்வே புகார் செயலியிலோ பிஎன்ஆர் (டிக்கெட்டில் உள்ள முன்பதிவு எண்), பெட்டி, படுக்கை எண்களுடன் புகார் பதிந்தால், வழியிலுள்ள பெரிய நிலையத்தில் ஆள் வர வாய்ப்புண்டு. வெளிநாட்டு சிம்மிலிருந்து 139 கிடைக்குமென்று எண்ணியிருக்க வேண்டாம். வந்திறங்கியதும் உள்ளூர் எண் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

ஏறும் நிலையத்தையும் கவனிக்க வேண்டும். எழும்பூர் என்று பதிந்துவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கமென்று தாம்பரத்தில் ஏற நினைத்தால், அதற்குள் பரிசோதகரின் கையடக்கக் கருவியில் நீங்கள் வராதவராகப் பதிவாகி, படுக்கை ஆர்.ஏ.சி. பயணி ஒருவருக்குப் போயிருக்கலாம். அங்கே ஏறுவதாக இருந்தால் சார்ட் தயாராவதற்கு முன்பே, இயன்றால் முந்தைய நாளே, இணையத்தில் ஏறுமிடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை உங்களுக்கு இல்லை.