இரவல் வாங்கிய பழைய டீசல் லோகோவைக் கெடுக்கும் தவறுகள்

அமெரிக்காவில் தானியமும் மரமும் இழுக்கும் குட்டி சரக்கு ரயில் கம்பெனிகளிடம் பல நேரம் ஒன்றிரண்டு லோகோதான் (ரயிலை இழுக்கும் வண்டி) இருக்கும். அதில் ஒன்று படுத்துவிட்டால், பக்கத்து ரயில் மியூசியத்தில் ஒரு ஜிபி7-ஐயோ ஜிபி9-ஐயோ இரவல் கேட்பார்கள். இவை ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி பிரிவு செய்த 1950களின் டீசல் லோகோ மாடல்கள், நல்ல உழைப்பாளிகள். ஆனால் "பழைய இரும்பு, எதையும் தாங்கும்" என்று நினைத்தால் அங்கேயே கெட்டது.

நாள்கணக்கில் நின்ற என்ஜினை எடுத்ததும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டரின் மூடியான ஹெட்டிலோ உள்சுவரான லைனரிலோ விரிசல் இருந்தால், என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும், தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். 16 சிலிண்டரின் டெஸ்ட் வால்வுகளையும் (உள்ளே இருப்பதை வெளியே விடும் சின்ன வால்வுகள்) திறந்துவிட்டு, கடப்பாரை மாதிரியான கம்பியால் என்ஜினைக் கையாலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எதிலிருந்தாவது தண்ணீர் பீய்ச்சினால் அன்றைக்கு வண்டி கிளம்பாது, அவ்வளவுதான்.

குளிர்காலத்திலும் தண்ணீர்தான் எமன். இவற்றில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவதில்லை, அது எண்ணெயில் கசிந்தால் பேரிங் போய்விடும் என்பதால் வெறும் தண்ணீரும் துரு தடுக்கும் மருந்தும்தான். உறைபனி இரவில் என்ஜினை ஓடவிட வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். "காலையில் பார்த்துக்கலாம்" என்று போனால் காலையில் வெடித்த குழாய்களைத்தான் பார்ப்பீர்கள்.

எண்ணெயில் நடக்கும் தவறு இன்னும் மோசம், ஏனென்றால் உடனே தெரியாது. இந்த லோகோக்களில் இருக்கும் 567 என்ற டீசல் என்ஜினில், பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் பின்னின் (pin) பேரிங்கில் வெள்ளிப் பூச்சு உண்டு. லாரிக்கு ஊற்றும் எண்ணெயில் இருக்கும் துத்தநாகச் சேர்மானம் அந்த வெள்ளியை அரித்துவிடும். அளவு குறைகிறதே என்று ஒர்க்‌ஷாப்பில் கிடந்த டிரம்மிலிருந்து ஊற்றிவிடாதீர்கள். துத்தநாகம் இல்லாத ரயில் என்ஜின் எண்ணெய்தான் வேண்டும், எது என்று மியூசியத்திடமே கேளுங்கள்.

அப்புறம், மெதுவாகப் போனால் வண்டிக்கு நல்லது என்ற நம்பிக்கை. குட்டிப் பாதைகளில் பல இடத்தில் மணிக்கு 10 மைல்தான் வேகம். அந்த வேகத்தில் முழு பாரத்தோடு மேடு ஏறினால், சக்கரங்களைச் சுழற்றும் டிராக்‌ஷன் மோட்டார்களில் கரண்ட் எகிறி, சூடு தாங்காமல் உள்ளே கருகும். கரண்ட் அளவைக் காட்டும் ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்தே ஓட்டுங்கள், வேகன்களைக் குறைத்துக்கொண்டு இரண்டு தடவை போனாலும் பரவாயில்லை.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இரவல் வண்டி என்றாலும் தினசரி சோதனை உண்டு, 92 நாள் சோதனையும் உண்டு, டிரைவர் கேபினில் மாட்டியிருக்கும், சோதனைத் தேதி எழுதிய நீல அட்டையில் தேதி தாண்டியிருந்தால் அதை வேலைக்கு எடுக்கக் கூடாது. மோட்டார் போனால் செலவு யாருடையது என்பதையும் வண்டி வருவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.